அடங்காதவை

பள்ளியிலிருந்து 'நாசா கல்விப் பயணம், 10 நாள்' என்று பளபளத் தாள் வந்தால் மற்ற பெற்றோர் ராக்கெட் படத்தைப் பார்ப்பார்கள். எதையும் துருவிப் பார்க்கும் 'பரிசீலனை அப்பா' ஒருவர் மட்டும் தாளைத் திருப்புவார். 'கட்டணத்தில் அடங்காதவை' பின்பக்கம் பொடி எழுத்தில்தான் குடியிருக்கும். விசா, மதியச் சாப்பாடு, டிப்ஸ். மூன்றுக்கும் மஞ்சள் மை பூசுவார்.

பெற்றோர் கூட்டத்தில் முதலில் எழுவது அவர் கைதான்.

"தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்னு போட்டிருக்கீங்களே, தேறாதவங்க எத்தனை பேர் சார்?"

பயண ஏற்பாட்டாளர் தண்ணீர் குடிப்பார். புளோரிடாவில் கென்னடி விண்வெளி மையத்தின் பார்வையாளர் வளாகத்துக்கு டிக்கெட் வாங்கினால் யாரும் நுழையலாம். அங்கிருந்து டிஸ்னி வேர்ல்டு ஏறக்குறைய ஒரு மணி நேர கார் பயணம். நிகழ்ச்சி நிரலில் விண்வெளிக்கு ஒரு நாள், மிக்கி மவுஸுக்கு இரண்டு நாள் என்று எண்ணிச் சொல்கிறவர் அவர் ஒருவர்தான். இதுவரை அவருக்குக் கை தட்டலாம்.

நிஜமாகவே நல்லது ஒன்று வரும்போதுதான் தகராறு. பதினோராம் வகுப்பு மகள் கென்னடி-லூகர் யெஸ் திட்டத்தோடு வந்து நிற்கிறாள். 2002-ல் வந்தது, அமெரிக்க வெளியுறவுத் துறை செலவில், அமெரிக்காவில் ஒரு குடும்பத்தோடு தங்கி ஒரு கல்வியாண்டு படிக்கலாம்.

"நாம எவ்வளவு கட்டணும்?"

"படிப்பு, தங்கல், விமானம் எல்லாம் அவங்க செலவுப்பா."

"அப்ப என்னமோ இருக்கு."

தங்கவைக்கும் குடும்பமும் காசு வாங்காது என்றதும் எழுந்தே விட்டார். "சொந்த அத்தை வீட்லயே நாலாம் நாள் 'ரிடர்ன் டிக்கெட் எப்ப'ன்னு கேக்கறாங்க!"

இந்தியாவில் இந்தத் திட்டத்தை நடத்தும் ஏஎஃப்எஸ் அமைப்பு, முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய தன்னார்வலர்களிடமிருந்து வந்தது. 1947-ல் மாணவர் பரிமாற்றத்துக்கு மாறியது என்று மகள் விளக்கினாள். அவர் காதில் விழுந்தது 'ஆம்புலன்ஸ்' மட்டும். இன்சூரன்ஸ் தாளைக் கேட்டார். அதையும் திருப்பிப் பார்த்தார்.

விண்ணப்பத்தில் ஒரு சங்கடம்: பிள்ளையைப் பற்றி, தங்கப்போகும் குடும்பத்துக்குப் பெற்றோரும் ஒரு கடிதம் எழுத வேண்டும். இரண்டு ராத்திரி உட்கார்ந்தார். முன்பக்கம் முழுக்க மார்க், மேடைப் பேச்சு, வீணை. பின்பக்கம், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில்: காபி இல்லாமல் எழமாட்டாள், குளியலறையில் முக்கால் மணி நேரம், இடி இடித்தால் விளக்கு வேண்டும், தயிர் இல்லையென்றால் வாய் திறந்து கேட்கமாட்டாள், நீங்களாகத்தான் வைக்க வேண்டும்.