உதவியாளர் தனியாகப் பார்க்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் டொக்டரின் உதவியாளர்கள், டொக்டர் மேற்பார்வை இல்லாமலே நோயாளியைப் பார்க்க உரிமை கேட்கிறார்களாமே! கொடுக்கலாமா?
– வாசகி ஒருவர், தெரணியகலை

பதில்: நம் தோட்டங்களில் இதை யாரும் கேட்டு வாங்கவில்லை அம்மா. டொக்டரே இல்லாததால் தானாகக் கிடைத்த சுதந்திரம். 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளியின் வைத்தியத்தைத் தோட்டத்தின் தலையில் வைத்தது. தோட்டம் அதை டிஸ்பென்சரியில் இருந்த வைத்திய உதவியாளர் தலையில் இறக்கிவிட்டது. காய்ச்சலோ பாம்புக்கடியோ, லயத்துச் சனத்துக்கு அவர்தான் 'டொக்டர் ஐயா'.

மேற்பார்வையே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். துரை இருந்தார்; ரப்பர் மரத்தின் நோயெல்லாம் அறிந்தவர். பால்வெட்டப் போகமுடியாமல் முனகுகிறவருக்கு நிஜக் காய்ச்சலா, கள்ளக் காய்ச்சலா என்று உதவியாளர் எழுதும் துண்டு அவரிடம்தான் போகும். எழுதுகிறவர், முனகுகிறவர் இருவருக்கும் சம்பளம் ஒரே கந்தோரில்!

அமெரிக்காவில் டொக்டர் உதவியாளர் தொழில் 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தில், முன்னாள் கடற்படை மருத்துவ உதவியாளர் நால்வரோடு தொடங்கியது. பிரித்தானியாவிலோ 2025இல் இவர்களைப் பற்றி ஆராய்ந்த லெங் அறிக்கை கடிவாளத்தை இழுத்துவிட்டது: நோய் இன்னதென்று தெரியாத நோயாளியை, விதி வகுத்த சந்தர்ப்பங்களில் தவிர, இவர்கள் பார்க்கக்கூடாதாம்.

என்னைக் கேட்டால், தெரிந்த வியாதியைத் தனியே பார்க்கட்டும். சந்தேகம் வந்தால் கேட்க டெலிபோனிலாவது ஒரு டொக்டர் வேண்டும். அவிசாவளைக்கு ஏற்றிப்போக வாகனமும் வேண்டும். கொழுந்து லொறி அந்தக் கணக்கில் சேராது.