ஒன்றுக்கு ஒன்று: குட்டி ரயிலும் முழங்காலும் பற்றிய ஓர் ஆராய்ச்சி

குட்டி ரயில் கட்டும் கலைக்கு மேலைநாடுகளில் நூல்களும் குறைவில்லை, நூல்களுக்குள் அட்டவணைகளும் குறைவில்லை. பிரிட்டனில் பெரும்பாலோர் வைத்திருக்கும் ஓஓ வகை, அசலில் 76-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. அங்கே என் (N) வகை 148-ல் ஒரு பங்கு. இடைவெளி 9 மி.மீ. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1972-ல் கொண்டுவந்த இஸட் வகை 220-ல் ஒரு பங்கு. எஞ்சின், சிக்னல் கம்பம், நடைமேடையில் குடையோடு நிற்கும் சீமாட்டி என எல்லாவற்றுக்கும் அளவு சொல்லும் இந்த அட்டவணைகளில் ஓர் உருப்படி மட்டும் விடுபட்டிருக்கிறது. அது ரயிலின் உரிமையாளர். குட்டி ரயில் ஓடும் அமைப்பான லேஅவுட் முழுவதிலும் 1:1 அளவில் இருப்பவர் அவர் ஒருவரே. வேறு அளவில் அவர் கடையில் கிடைப்பதில்லை. உதிரி பாகம் என்று பார்த்தாலும் இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு, கண் லென்ஸ் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். இக்குறையை நிறைக்கவே இவ்வாராய்ச்சி எழுந்தது.

முன்னெச்சரிக்கை ஒன்று. இத்துறையினரிடம் ‘பொம்மை ரயில்’ என்று வாய்தவறியும் சொல்லக் கூடாது. எஞ்சினின் பக்கவாட்டுத் தகட்டில் ரிவெட் ஒன்று குறைந்தாலும் கண்டுபிடித்துவிடும் வகுப்பார் இவர்களுக்குள் உண்டு. அவர்களுக்கு ‘ரிவெட் எண்ணுவோர்’ என்றே பெயர். அவர்கள் ரிவெட்டை எண்ணிக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் மூட்டு தேய்ந்தது என்பது நமது கருதுகோள்.

முதல் நூற்பா: குனிந்து புகுவார் எல்லாம் நிமிர்ந்து வருவார் அல்லர்.

உரை: அறையின் நான்கு சுவரையும் ஒட்டிப் பலகை அடித்து, அதன்மேல் ரயிலைச் சுற்றவிட்டு, உரிமையாளர் நடுவில் நின்று ஓட்டுவது பழைய முறை. ரயிலுக்கு இதைவிட நல்ல வாழ்வு கிடையாது. வளைவுகள் அகலம், பயணத்துக்கு முடிவில்லை. ஆனால் உரிமையாளர் நடுவுக்குப் போகும் வழி பலகைக்கு அடியில் இருக்கிறது. ஆங்கிலேயர் இதை டக்-அண்டர் என்பர். முப்பது வயதில் இதைக் கட்டுகிறவருக்கு இது ஒரு தடையாகவே தோன்றாது. அறுபதில் ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையில் தேநீர்க் கோப்பையோடு தவழும்போதுதான், ஊரிலுள்ள எல்லா மேம்பாலங்களையும் ரயிலுக்கே கட்டிவிட்டோம் என்பது உறைக்கும். தலை இடிப்பது நுழையும்போது இல்லை, எழும்போதுதான். பலகை முடிந்துவிட்டது என்று முதுகு நம்பும் இடமும் அது உண்மையில் முடியும் இடமும் வேறு வேறு.

தடை: பலகையை நெஞ்சளவுக்கு உயர்த்திவிட்டால், தலையை மட்டும் தாழ்த்தி நுழையலாமே எனின்,

விடை: நுழையலாம், நின்றுகொண்டே ஓட்ட முடிந்தவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. சக்கர நாற்காலியில் வருபவருக்கோ அந்த லேஅவுட் அடிப்பலகையின் கண்காட்சியாக மட்டுமே அமையும். அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் வகுத்த அளவுகோல்களை இவ்விடத்தில் கற்றோர் நோக்குக. வழியின் அகலம் 36 அங்குலம். மேசைக்கு அடியில் முழங்காலுக்கு 27 அங்குலம். மேசைக்கு மேலே கை நீட்டி எட்டவேண்டிய ஆழம் 25 அங்குலத்துக்கு மிகாமை. சட்டம் எழுதியவர்களுக்கு ரயில் நினைப்பே இருந்திருக்காது. ஆனாலும் லேஅவுட் கட்டுவதற்கு இதைவிடத் தெளிவான கையேடு கிடைப்பது அரிது. 25 அங்குலத்துக்கு அப்பால் தடம்புரண்ட பெட்டி யாருக்கும் நல்லதல்ல, ஒலிம்பிக் வீரருக்கும்கூட.

இடைவழியாக அறிஞர் கண்டது கீல் வைத்த பாலம். கதவைப்போலத் திறக்கும், ஆள் நிமிர்ந்தபடியே உள்ளே போகலாம். பாலம் திறந்திருக்கையில் இருபுறமும் ஒரு ரயில் நீளத்துக்கு மின்சாரம் அறுந்துவிடும்படி ஒரு சிறு சுவிட்ச் பொருத்துவது வழக்கம். அது இல்லாவிடில் எக்ஸ்பிரஸ் நேரே தரைக்குப் போகும். தரை 1:1 அளவிலானது என்பதை மறக்கலாகாது.

இடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்து சால்டரிங் செய்யக் கூடாது, அவ்வளவுதான். உருகிய ஈயம் புவியீர்ப்புக்குக் கட்டுப்பட்டது. கீழே இருப்பது முகம். பலகையைச் சிறு துண்டுகளாகச் செய்து, பக்கவாட்டில் நிமிர்த்திவைத்து, நாற்காலியில் உட்கார்ந்து ஒயர் இழுப்பவர்கள் நலமாக இருக்கிறார்கள்.

இரண்டாம் நூற்பா: கண் மங்கத் தண்டவாளம் அகலும், வீடு சுருங்கத் தண்டவாளம் குறுகும், இரண்டும் ஒரே வயதில் வரும்.

இந்நூற்பாவே இந்த ஆராய்ச்சியின் நடுத்தூண். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வருகிறது. அதன்பின் 9 மி.மீ. இடைவெளியில் எட்டுச் சக்கரங்களை ஒருசேரத் தண்டவாளத்தில் உட்காரவைப்பது தவம். அசலில் 20 மீட்டர் நீளமுள்ள பயணிகள் பெட்டி இஸட் வகையில் 91 மி.மீ., பிரிட்டிஷ் என் வகையில் 135, ஓஓ-வில் 263, 43.5-ல் ஒரு பங்கான ஓ வகையில் 460. கண் மருத்துவர் கண்ணாடி எழுதித்தருவார். துறை அறிந்தவர் ஓ வகைக்கு மாறு என்பார். கையில் எடுத்தால் கனமாக இருக்கிறது, சக்கரம் சக்கரமாகத் தெரிகிறது.

ஆனால் ஓ வகைக்கென விற்கும் ஆயத்தத் தண்டவாளத்தின் வளைவு ஆரம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். ஒரு வட்டம் போடவே இரண்டு மீட்டருக்கு மேல் அகலம் வேண்டும். பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய், பெரிய வீட்டை விற்று, மாடிப்படி ஏற முடியாத தம்பதி தரைத்தளச் சிறுவீட்டுக்குக் குடிபோவதும் ஏறக்குறைய இதே வயதில்தான். கண் ஓ கேட்கிறது, வீடு என் கொடுக்கிறது. இல்லத்தரசியின் கருத்து மூன்றாவது அளவு. அது பெரும்பாலும் பூஜ்ஜியம்.

தோட்டத்துக்குப் போய்விடலாமே என்று ஒரு சாரார் கூறுவர். அங்கே 45 மி.மீ. இடைவெளியுள்ள ஜி வகை ஓடும். எஞ்சின் பூனையளவு இருக்கும். கண்ணுக்கும் இடத்துக்கும் குறைவில்லை. தண்டவாளம் மட்டும் தரையில் இருக்கும். அதாவது முதல் நூற்பாவை மீண்டும் வாசிக்க வேண்டியதுதான். இடுப்பளவுக்குச் செங்கல் மேடை கட்டி அதன்மேல் ரயில் ஓட்டுபவர்களும் உண்டு. கட்டுவதற்கு யார் முதுகு என்பதை அவர்களின் நூல்கள் சொல்வதில்லை.

கை நடுக்கம் தனி அதிகாரமாக விரியத் தக்கது. ஓ வகையில் வேகன்களை இணைக்க மூன்று வளையச் சங்கிலியைக் கம்பி முனையால் தூக்கிக் கொக்கியில் மாட்டுவது மரபு. அசல் ரயில்வேயில் அப்படித்தான் என்பதால் மரபாளர் இதை விடமாட்டார்கள். அமெரிக்காவின் கேடி கொக்கிகளோ தாமாக இணையும். தண்டவாளத்தின் நடுவே புதைத்த காந்தத்தின்மேல் நிறுத்தினால் தாமாகப் பிரியும். இவ்வதிகாரத்தின் தலைசிறந்த ஆசிரியர் ஒரு ராக் பாடகர். பெருமூளை வாதம் உள்ள தம் மகனும் ரயில் ஓட்டவேண்டும் என்று கனடாவில் பிறந்த நீல் யங் பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்றால் இயங்கும் கட்டுப்பாட்டைச் செய்தார். அத்தோடு நில்லாமல் 1990-களில் அமெரிக்காவின் பழைய ரயில் பொம்மை நிறுவனமான லயனலில் பங்காளியாகவே சேர்ந்தார். வேறு துறையில் நாற்காலியை மாற்றுவார்கள். இவர் கம்பெனியில் பங்கு வாங்கினார்.

முன்னோர் வழக்கும் ஒன்று உண்டு. 1943-ல் அம்மையில் படுத்த மகனுக்கு எஞ்சின் கதைகள் சொன்ன ஆங்கிலப் பாதிரியார் வில்பர்ட் ஆட்ரி, பிறகு துடைப்பக்கட்டையிலும் மரத்துண்டுகளிலும் அவனுக்கு ரயில் செய்து கொடுத்தார். பையன் பெரிய எஞ்சின் கேட்டான். போர்க்காலத்தில் அதற்குப் பொருள் இல்லை. சிறிய டேங்க் எஞ்சின்தான் முடிந்தது. அதன் பெயர் தாமஸ். கேட்ட பெரிய எஞ்சினைவிடக் கிடைத்த சின்னது உலகப் புகழ் பெற்றதை நமது தரப்புக்குச் சான்றாகக் கொள்க.

இனி முடிபு. கண் பெரிது கேட்க, வீடு சிறிது கேட்க, முழங்கால் எதையும் கேட்காமல் வலிக்க, மூன்றையும் சமாதானப்படுத்தியவர் ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர். அவரது இங்கிள்நுக் சைடிங்ஸ் வட்டமே இல்லாத லேஅவுட். மூன்று கிளைத்தடங்கள்: ஒன்றில் ஐந்து வேகன் கொள்ளும், மற்ற இரண்டில் மூன்று மூன்று. எஞ்சினோடு மூன்று வேகன் நிற்க ஒரு முன்தடம். மொத்தம் எட்டு வேகன்கள். சீட்டுக் குலுக்கி ஐந்தை எடுத்து, சீட்டு வந்த அதே வரிசையில் ரயில் கோக்க வேண்டும். வளைவு இல்லை, ஆகவே ஆரம் இல்லை, ஆகவே தவழ்தல் இல்லை. ஓஓ வகைக்கு நாலடிப் பலகை போதும். ஓ வகைக்கு இன்னும் நீளம் வேண்டும். ஆனால் சுவரோரத்து அலமாரித் தட்டு ஒன்றே அதைத் தாங்கிவிடும். உட்கார்ந்தபடி ஓட்டலாம்.

இது குழந்தை விளையாட்டு என்பாருக்குக் கணக்கே விடை. எட்டில் ஐந்தை வரிசையோடு கோக்கும் வகைகள் 6,720. நாளொன்றுக்கு ஒரு ரயில் என்று வைத்து, வந்த வரிசையே மீண்டும் வந்தால் சீட்டை மறுபடி குலுக்கினால், ஞாயிறும் விடாமல், 18 ஆண்டுகளுக்கு மேல் ஒரே ரயில் இரண்டாம் முறை வராது.

தடை: 18 ஆண்டு முடிந்து, பழைய ரயிலே திரும்ப வந்தால்?

விடை: அதற்குள் ஞாபக மறதி வந்திருக்கும். உபாதைகளில் அது ஒன்றுக்குத்தான் லேஅவுட்டில் எந்த மாற்றமும் செய்யத் தேவையில்லை.