குகைச் சங்கத்தில் சேர்ந்து உருப்படாமல் போவது எப்படி?

மேற்படிப்புக்கு இங்கிலாந்து கிளம்பும் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. பருப்புப் பொடி எத்தனை கிலோ, ஸ்வெட்டர் எத்தனை, எந்தக் கடையில் அரிசி மலிவு என்று ஆளாளுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். எல்லாம் தரைக்கு மேலே பிழைக்கிற வழி. தரைக்குக் கீழே பிழைக்கிற வழியை ஒருவரும் சொல்வதில்லை. குறைந்தபட்சம் பிரிஸ்டலுக்குப் போகிறவர்களுக்காவது இந்தக் குறை இருக்கக் கூடாது.

பிரிஸ்டலுக்குத் தெற்கே மெண்டிப் குன்றுகள் இருக்கின்றன. வெளியே பார்த்தால் புல், ஆடு, கல் வேலி, ஓயாத தூறல். உள்ளே சுண்ணாம்புப் பாறை. மழைத் தண்ணீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகி, அந்தப் பாறையைக் காலகாலமாகக் கரைத்துக்கொண்டிருக்கிறது. கரைந்த இடமெல்லாம் குகை. குகை இருக்கிற இடத்தில் மனிதர்கள் சும்மா இருப்பார்களா? சங்கம் வைத்துவிட்டார்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் குகையியல் சங்கம் 1919-இல் தொடங்கியது. 1940 நவம்பரில் ஜெர்மன் விமானங்கள் போட்ட குண்டில் அதன் அருங்காட்சியகம் எரிந்து, அவெலின்ஸ் ஹோல் குகையில் தோண்டியெடுத்த பத்தாயிரம் ஆண்டுப் பழைய எலும்புகளில் பெரும்பகுதி போய்விட்டது. சங்கம் மட்டும் போகவில்லை. அந்த மாதிரி ஆட்களிடம்தான் நீங்கள் மாட்டப்போகிறீர்கள். ஆகவே கவனமாகப் படியுங்கள்.

1. பேச்சை நம்பாதீர்கள்

கல்வி ஆண்டின் தொடக்கத்தில் பல்கலைக்கழகச் சங்கங்கள் எல்லாம் மேசை போட்டு ஆள் பிடிக்கும். குகைச் சங்கத்தின் மேசையை எளிதில் கண்டுபிடிக்கலாம். நகக்கண்ணில் மண்ணோடு சிரித்த முகமாக நிற்பவர்கள் அவர்கள்தான். "சும்மா ஒரு தடவை வந்து பாருங்களேன்" என்பார்கள். அவர்கள் சொல்லும் வார்த்தைகளுக்கு உரை எழுதாமல் பொருள் கொள்ளக் கூடாது.

"கொஞ்சம் ஈரமா இருக்கும்" என்றால் கழுத்தளவு தண்ணீர்.

"கொஞ்சம் நெருக்கம்" என்றால் மூச்சை முழுக்க வெளியே விட்டால்தான் நெஞ்சு நுழையும்.

"சாயங்காலத்துக்குள்ள வந்துடலாம்" என்றால் அது எந்த நாள் சாயங்காலம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

"ரொம்ப அழகான குகை" என்றால் சொல்பவர் அதை நேற்றுத்தான் கண்டுபிடித்திருக்கிறார். உள்ளே சேற்றைத் தவிர ஒன்றும் இல்லை.

2. உடுக்கும் முறை

மெண்டிப் குகைக்குள் கோடையும் இல்லை, குளிர்காலமும் இல்லை. ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 10 டிகிரி. ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போனால் அது தண்ணீரைக் குடித்துக் கனத்து, உடம்புச் சூட்டையும் சேர்த்துக் குடித்துவிடும். உள்ளே கம்பளி மாதிரி ஒரு முழு உடை, அதன்மேல் கிழியாத முரட்டுத் துணியில் ஓவர்சூட், காலில் கம் பூட்ஸ், முழங்காலுக்குப் பட்டை, தலையில் ஹெல்மெட், ஹெல்மெட்டில் விளக்கு. ஒரு காலத்தில் கார்பைடு விளக்கு வைத்திருந்தார்கள். கார்பைடில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து அசிட்டிலீன் வாயு கிளம்பி எரியும். வெளிச்சமும் வரும், முன்னால் போகிறவரின் பின்புறமும் பொசுங்கும். இப்போது எல்.ஈ.டி. வந்து அந்தச் சுவாரசியம் போய்விட்டது.

உடையெல்லாம் சங்கமே கடன் தரும். உங்களுக்கு முன் பல தலைமுறை மாணவர்கள் தவழ்ந்து தேய்த்த உடை அது. முழங்கையில் கிழிந்ததை எடுங்கள். அதற்கும் கீழே கிழிந்ததை அடுத்தவருக்கு விட்டுக்கொடுங்கள்.

உடை மாற்ற அறை கேட்காதீர்கள். சாலையோரத்தில், காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஜனவரி மாதக் காற்றில் மாற்ற வேண்டும். வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஒரு துண்டை இடுப்பில் சுற்றி, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தளிப்பார்கள். அப்போது பையிலிருந்து ஒரு லுங்கியை எடுங்கள். தலைவழியாக மாட்டி, மேல் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டே நிமிடத்தில் ஈர உடையைக் கழற்றி உலர்ந்ததை மாட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். சங்கத்தில் உங்கள் மதிப்பு உயரும் முதல் தருணம் இதுதான். அடுத்த வாரம் நாலு பேர் லுங்கி எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள்.

3. குழாயில் நுழைதல்

புதியவர்களைப் பரிங்டன் கூம் பள்ளத்தாக்கில் இருக்கும் கோட்சர்ச் குகைக்குத்தான் வழக்கமாக அழைத்துப்போவார்கள். அதன் அடிக்கோடியில் 'ட்ரெய்ன்பைப்', அதாவது வடிகால் குழாய், என்று ஓர் இடம். பெயரை வைத்தவர் கவிஞர் அல்ல. உள்ளதை உள்ளபடி சொல்பவர். வயிற்றைத் தரையில் வைத்து, கையை முன்னால் நீட்டி, ஹெல்மெட்டைச் சாய்த்து, கால் பெருவிரலால் உந்த வேண்டும். ஹெல்மெட் கூரையில் 'டக்' என்று இடிக்கும். தலையைத் தாழ்த்தினால் தாடை தரையில் உரசும். இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடமோ அவ்வளவுதான் உங்கள் உலகம். கண்ணெதிரே முன்னால் போகிறவரின் பூட்ஸ் அடிப்பாகம். அன்றைய இயற்கைக் காட்சி அதுதான்.

மாட்டிக்கொண்டதாகத் தோன்றினால் திமிறாதீர்கள். திமிறினால் உடம்பு விறைக்கும், மூச்சு வாங்கும், நெஞ்சு பெருக்கும், நிஜமாகவே மாட்டிக்கொள்வீர்கள். அப்படியே கிடந்து ஒரு பாட்டை மனதுக்குள் முணுமுணுங்கள். உடம்பு தானாகத் தளரும். இந்தக் கையேட்டில் கேலி இல்லாத வரிகளில் இது ஒன்று.

குழாய் முடிந்தால் என்ன வரும் என்று கேட்காதீர்கள். ஒரு சின்ன அறை வரும். எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்து சாக்லெட் சாப்பிடுவார்கள். பிறகு வந்த வழியே திரும்புவார்கள். இதற்கா வந்தோம் என்று தோன்றினால் நீங்கள் பிழைத்தீர்கள். அடுத்த வாரம் எங்கே என்று தோன்றினால், ஊரில் படிப்புக்கு வாங்கிய கடனை நினைத்துக்கொள்ளுங்கள்.

4. தலையை முழுக்குதல்

அடுத்த படி ஸ்வில்டன்ஸ் ஹோல். பிரிடி என்னும் சிற்றூருக்கு அருகே, வயலில் ஒரு சின்னக் கல் கட்டடத்துக்குள் இருக்கிறது வாசல். ஓடை ஒன்று கூடவே உள்ளே இறங்கும். 1901-இல் முதன்முதலாக நுழைந்தார்கள். இன்று சுமார் 9 கிலோமீட்டர் வரை போகிறது. மெண்டிப்பிலேயே நீளமானது இதுதான்.

போகிற வழியில் 'ட்வென்டி' என்று இருபதடி அருவி வரும். கம்பி ஏணி கட்டி, தண்ணீர் தலையில் கொட்டக் கொட்ட இறங்க வேண்டும். முன்பு 'ஃபார்ட்டி' என்று நாற்பதடியும் இருந்தது. 1968 ஜூலை வெள்ளம் அதை அரித்துக்கொண்டு போய்விட்டது. சங்கத்து மூத்தவர்கள் பூர்வீக நிலம் பறிபோனதைச் சொல்வதுபோல் அதைச் சொல்வார்கள். "இப்ப இறங்குறதெல்லாம் ஒரு இறக்கமா?" என்பார்கள். குறுக்கே பேசாதீர்கள், தலையை ஆட்டுங்கள்.

அதற்கும் கீழே போனால் 'சம்ப் ஒன்று'. நம் வீட்டு வாசலில் மோட்டார் வைத்து ஏற்றுகிற சம்ப் இல்லை இது. குகையின் கூரை தாழ்ந்து தாழ்ந்து தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிடும் இடம். 1934-இல் கிரஹாம் பால்கமும் ஜாக் ஷெப்பர்டும் சைக்கிள் உதிரிபாகத்தையும் தோட்டக் குழாயையும் வைத்துச் சுவாசக் கருவி செய்து இதைக் கடக்கப் பார்த்தார்கள். நடக்கவில்லை. ஷெப்பர்ட் 1936-இல் கடந்தே விட்டார். கடந்த பிறகுதான் தெரிந்தது, தடை சில அடி நீளம்தான் என்று. இன்று அங்கே ஒரு கயிறு கட்டியிருக்கிறது. மூச்சைப் பிடித்து, கயிற்றைப் பிடித்து, தலையை முழுக்கி, ஒரே இழுப்பில் அந்தப் பக்கம் எழுந்திருக்க வேண்டும். எழுந்ததும் கத்துவீர்கள். என்ன மொழியில் கத்தினீர்கள் என்பதை மற்றவர்கள் குறித்துக்கொள்வார்கள்.

5. பப்பில் நடந்துகொள்ளும் முறை

குகைச் சங்கத்தின் முக்கிய நடவடிக்கை எங்கே நடக்கிறது என்று கேட்டால் குகையில் என்று சொல்லிவிடாதீர்கள். பிரிடிக்குப் பக்கத்தில் ஹண்டர்ஸ் லாட்ஜ் இன் என்றொரு பப் இருக்கிறது. மெண்டிப் குகைக்காரர்களுக்கு அதுதான் தலைநகரம். மது வேண்டாம் என்றால் எலுமிச்சைச் சோடாவோடு உட்காருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பேசாமல் உட்காரக் கூடாது. பியரில் விரலைத் தோய்த்து மேசைமேல் குகையின் வரைபடம் போடுவார்கள். எந்தச் சந்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சண்டை மூளும். வரைபடம் காய்ந்த பிறகும் சண்டை காயாது.

ஒரு விஷயத்தை மட்டும் கேட்காதீர்கள்: "நீங்க இப்ப எங்கே தோண்டுறீங்க?" சட்டென்று பேச்சு நின்றுவிடும். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பதை உலகத்தில் வேறு யாரும் இவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடிப்பதில்லை.

6. தோண்டுதல்

மலையைக் கெல்லி எலியைப் பிடிக்கிற வேலையை நாம் கேலிக்குச் சொல்கிறோம். மெண்டிப்பில் அதை வாரநாள் மாலைகளில், வேலை முடிந்து வந்து, சம்பளம் இல்லாமல் செய்கிறார்கள். மண் மூடிய ஒரு பொந்திலிருந்து லேசாகக் காற்று வந்தால் போதும். உள்ளே வெற்றிடம் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். வாளியில் சேறு நிரப்பி, கயிறு கட்டி, கைமாற்றிக் கைமாற்றி வெளியே இழுப்பார்கள். இப்படி வருடக்கணக்கில் நடக்கும். புதியவர் என்பதால் உங்களுக்கு வரிசையின் நடுவில் இடம் தருவார்கள். கௌரவம் என்று நினைத்துவிடாதீர்கள், சொட்டுகிற இடம் அது. கடைசியில் பாறை உடைந்து வழி திறந்தால், முதல் அடி வைக்கிற பூமியில் இதற்கு முன் மனிதக் கால் பட்டதே இல்லை. ஆறு மீட்டர் தாண்டி மறுபடியும் சேறு அடைத்திருக்கும். அதையும் லேசர் கருவி வைத்து அளந்து, சரியான தரத்தில் வரைந்து, சங்க இதழில் போட்ட பிறகுதான் அது கண்டுபிடிப்பு. அதுவரை வெறும் வாய்ப்பேச்சு.

போகிற வழியில் சுண்ணாம்பு விழுதுகளைத் தொடாதீர்கள், கை எண்ணெய் பட்ட இடம் கறுத்துவிடும். தூங்குகிற வௌவாலை எழுப்பாதீர்கள். அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, உங்களுக்கு அந்த அளவு கிடையாது.

7. குடிலும் பதவியும்

ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு குடில் உண்டு. அடுக்குக் கட்டில், காயாத பூட்ஸ், கழுவாத கோப்பையில் தேநீர். பிரிஸ்டல் எக்ஸ்ப்ளோரேஷன் கிளப் என்ற பழைய சங்கத்தின் குறிக்கோள் எதையும் அளவுக்கு மிஞ்சிச் செய்வதுதான். அமிர்தமும் நஞ்சாகும் என்று அவர்களிடம் போய்ச் சொல்லிப் பயனில்லை. இரவில் விளையாட்டு தொடங்கும்: தரையில் கால் படாமல் ஒரு மேசையின் மேற்பக்கத்திலிருந்து அடிப்பக்கம் போய் மறுபடி மேலே ஏறி வருவது. இன்னொன்று, பலகைப் பெட்டிக்குள் நுழைவது. ஒவ்வொரு சுற்றுக்கும் பலகையை இறுக்கிக்கொண்டே வருவார்கள். இதற்குத் தேசிய அளவில் போட்டியே உண்டு. தீபாவளிப் பலகாரத்துக்குப் பிறகு கலந்துகொள்ள வேண்டாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை, சாம்பார் வைக்கத் தெரியும் என்று சொல்லிவிடாதீர்கள். இருபது பேருக்கு ஒரு முறை வைத்தால் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்துவிடும். நம் ஊர்ச் சங்கங்களில் பதவிக்கு அடித்துக்கொள்வார்கள். இங்கே பதவி வந்துவிடுமோ என்று ஒளிந்துகொள்வார்கள். ஆண்டுக் கூட்டத்தில் யார் கழிவறைக்கு எழுந்து போகிறாரோ அவர் திரும்பி வரும்போது பொருளாளர்.

8. சொல்லிவிட்டுப் போதல்

மேலே சொன்ன ஏழையும் மறந்தாலும் பரவாயில்லை. இதை மறக்கக் கூடாது. குகைக்குள் செல்போன் எடுக்காது. ஆகவே இறங்குவதற்கு முன் எந்தக் குகை, எத்தனை பேர், எத்தனை மணிக்கு வெளியே வருவோம், எத்தனை மணிக்கு மேல் ஆனால் ஆள் அனுப்ப வேண்டும் என்று மேலே இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அந்த நேரம் தாண்டினால் அவர் 999-ஐ அழைத்து, போலீசிடம் குகை மீட்புப் படை வேண்டும் என்பார். மெண்டிப்பில் இந்த ஏற்பாடு 1936 முதல் இருக்கிறது. வருகிறவர்கள் சம்பளக்காரர்கள் இல்லை, இதே சங்கங்களில் இருக்கிற குகைக்காரர்கள்.

சேறு, சாம்பார், சம்ப், சண்டை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் குகைச் சங்கம் என்பது இவ்வளவுதான்: நீங்கள் வரவில்லை என்பதைக் கவனிக்கச் சிலர். "போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணிடு" என்று வாசலில் நின்று சொன்ன அம்மாவின் வேலையை அங்கே ஒரு சங்கமே எடுத்துச் செய்கிறது. அம்மாவிடம் மட்டும் விவரம் சொல்லாதீர்கள். "ஃபிரெண்ட்ஸோட வெளியே போயிட்டு வந்தேன்" என்றால் போதும். வெளியே என்பது கொஞ்சம் பொய்தான்.

வெளியே வந்ததும் முதல் வேலை உடை மாற்றுவதோ தேநீரோ இல்லை, வந்துவிட்டோம் என்று சொல்வது. அதை மறந்துவிட்டு நேரே பப்புக்குப் போய் உட்கார்ந்தால், பக்கத்து மேசைக்காரர்கள் திடீரென்று முழுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு, ஹெல்மெட்டைத் தேடிக்கொண்டு எழுந்து ஓடுவதைப் பார்க்க நேரும். யாரைத் தேடி என்று கேட்டுவைக்காதீர்கள். பணப்பையை வெளியே எடுங்கள். அந்த மேசையின் இன்றைய பில்லும், அவர்கள் மறக்கிறவரைக்கும் வரப்போகிற பில்களும் உங்களுடையவை. அவர்கள் மறப்பதில்லை.