பெண் பார்த்துப் போன கம்பெனிக்குப் பெண் வீட்டார் மடல்

மேன்மை தங்கிய மனிதவளத் துறையார் சமூகத்துக்கு,

ஓ.எம்.ஆர். வளாகத்தில் தாங்கள் பெண் பார்த்த வைபவம் இனிதே நடந்து முடிந்தது. காலை எட்டு மணிக்கு வரச் சொல்லி, மாலை நாலரைக்கு உள்ளே கூப்பிட்டு, ஏழே நிமிடத்தில் பெண்ணின் குணம், குலம், கோடிங் மூன்றையும் எடைபோட்டுவிட்ட தங்கள் ஞானதிருஷ்டி யாருக்கு வாய்க்கும்!

பெண் விருதுநகரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்தவள். வாசலில் செக்யூரிட்டி அவளுடைய போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டி, கழுத்தில் விசிட்டர் டேக் மாட்டி, ஃபைலில் இருந்த ஜெராக்ஸ்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதத்துக்கு மேல். அரியர் கிடையாது, நடுவில் ஒரு வருஷம்கூட இடைவெளி கிடையாது. ஜாதகம் சுத்தம். ஆப்டிட்யூடில் ரயிலைப் பாலம் கடக்க வைத்தாள், ஓட்டைத் தொட்டியை நிரப்பினாள். கோடிங் ரவுண்டும் தேறினாள்.

நேர்முகத்தில் ஒரு ஸ்ட்ரிங்கைத் தலைகீழாகத் திருப்பும் புரோகிராமைப் பேப்பரில் எழுதச் சொன்னார் தங்கள் அதிகாரி. எழுதி நீட்டினாள். அவர் கண் போனை விட்டு நகரவில்லை. பிறகு கேட்டார்: “அப்பா என்ன பண்றார்?” பருப்பு மில்லில் மூட்டை தூக்குகிறார் என்றாள். அப்போதுதான் பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். “கூடப் பொறந்தவங்க எத்தனை பேர்? கல்யாணம் எப்போ? ஆனதும் வேலையை விட்டுருவீங்களா?” பாக்கி இருந்தது சொஜ்ஜி, பஜ்ஜி, ஒரு பாட்டு. கிளம்பும்போது, பெண் பார்க்க வந்த எவரும் சொல்லத் தவறாத அந்த வாக்கியத்தையும் சொல்லிவிட்டார்: “சொல்லி அனுப்புறோம்.”

சொன்ன சொல் தவறவில்லை. பஸ் விழுப்புரம் தாண்டும்போதே மெயில் வந்துவிட்டது. ‘டியர் கேண்டிடேட், தங்கள் திறமை எங்களை மிகவும் கவர்ந்தது. எனினும்…’ அப்பாவின் தொழில்வரை விசாரித்தவர்களுக்குப் பெண்ணின் பெயர் மட்டும் நினைவில் நிற்கவில்லை. எது பிடிக்கவில்லை என்று கேட்கலாமென்றால், அது பதில் அனுப்ப முடியாத முகவரி.

பெண் வீட்டாருக்கு வருத்தமில்லை. தங்கள் சொந்தபந்தங்கள் தட்டு மாற்றிக்கொண்ட பிறகு நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தால், தட்டிப்போனதே நல்லது என்றுகூடத் தோன்றுகிறது. 2023 பிப்ரவரியில் விப்ரோ, 6.5 லட்சம் சம்பளத்துக்கு நிச்சயம் செய்து காக்க வைத்திருந்த பிள்ளைகளிடம், 3.5 லட்சத்துக்குச் சம்மதமா என்று கேட்டது. இன்ஃபோசிஸ் 2022-இல் ஆஃபர் லெட்டர் கொடுத்த சுமார் 2,000 பேருக்கு இரண்டு வருஷம் முகூர்த்தமே குறிக்கவில்லை. விவகாரம் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம்வரை போனது. ஒருவழியாக மைசூரு வளாகத்தில் சேர்த்துக்கொண்டு, 2025 பிப்ரவரியில், உள்தேர்வில் மூன்று முறையும் தேறவில்லை என்று 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை வீட்டுக்கு அனுப்பியது.

இரண்டு வருஷம் ஐயா! கல்விக் கடன் தவணை காத்திருக்குமா? வந்த வேறு வேலையை, கையில் பெரிய கம்பெனி ஆஃபர் இருக்கிறதே என்று நம்பிக் கைவிட்டவர்களுக்கு யார் பதில் சொல்வது? தாமதமாகச் சேர்த்ததற்குக் கம்பெனிக்கு ஒரு பரீட்சையும் கிடையாது. சேர்ந்தவர்களுக்கு மட்டும் மூன்று பரீட்சை. இதற்குப் பெயர் ஆள் எடுப்பதா? பச்சைத் துரோகம்.

மன்னிக்க வேண்டும். சம்பந்தி வீட்டில் குரலை உயர்த்துவது மரியாதை அல்ல.

சீர் விஷயத்தில் தங்கள் கொள்கை உறுதியைப் பாராட்டியே ஆகவேண்டும். 2012-இல் தங்கம் சவரன் 25,000 ரூபாய்க்குள் இருந்தது. புதிதாகச் சேர்பவருக்கு ஐ.டி. சேவைக் கம்பெனிகள் ஆண்டுக்கு 3 லட்சத்துச் சொச்சம் கொடுத்தன. சவரன் முக்கால் லட்சத்தைத் தாண்டிய பிறகும் பெரும்பாலான இடங்களில் அதே 3 லட்சத்துச் சொச்சம்தான். 2024-இல் காக்னிசென்ட், பொறியியல் படிக்காத பட்டதாரிகளுக்கு ஆண்டுக்கு 2.52 லட்சம் என்று அறிவித்து ஊர் வாயில் விழுந்தது. மாதம் 21,000 ரூபாய். சோழிங்கநல்லூர் பக்கம் ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு, பஸ் போக மிச்சத்தில் பெண் ஊருக்கு என்ன அனுப்புவாள் என்பதைத் தங்கள் ஆப்டிட்யூட் தாளில் ஒரு கேள்வியாக வைக்கலாம்.

பெண் வீட்டார் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரச் சொன்ன நேரத்துக்குப் பாருங்கள். எழுதிக் கொடுத்த புரோகிராமைப் படியுங்கள். அப்பாவின் தொழிலையும் கல்யாணத் தேதியையும் விட்டுவிட்டு ஜாவாவில் கேளுங்கள். ஆஃபர் லெட்டரில் சேரும் தேதியைப் போடுங்கள்; அந்தத் தேதி தள்ளிப்போனால் அன்றிலிருந்தே சம்பளம் என்றும் ஒரு வரி சேருங்கள். வேண்டாம் என்றால் காரணத்தை எழுதி, பதில் போட முடிந்த முகவரியிலிருந்து அனுப்புங்கள். வரும் வியாழக்கிழமை கோவையில் வேறொரு வரன் பார்க்க வருகிறது. ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ குறைகிறது. ஆகவே ஃபைலில் செருகி வைத்துக்கொண்ட போட்டோவையாவது திருப்பி அனுப்பவும்.

இப்படிக்கு,
பெண் வீட்டார்