அவிச்ச கடலை

என் செல்போன் வரைபடத்தில் ஒரு சின்ன வட்டம் உண்டு. அதற்குள் என் மகளின் முகம். ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் டியூஷன் போக ஆரம்பித்தாள். ஆத்திர அவசரத்துக்கு என்று சொல்லி ஒரு பழைய போனைக் கொடுத்து, லொக்கேஷனை என் போனோடு இணைத்துவைத்தேன். மாலை ஆறு மணிக்கு ஆபீசில் இருந்தபடி எடுத்துப் பார்ப்பேன். பாளையங்கோட்டையில் டியூஷன் சென்டர் மேலேயே வட்டம் ஆடாமல் அசையாமல் நிற்கும். என்ன ஒரு கவனம் பிள்ளைக்கு என்று பூரித்துப்போவேன். உயிருள்ள ஒரு ஜீவன் ஒன்றரை மணி நேரம் அப்படி இருக்குமா என்ற சந்தேகம் எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது, நான் கண்காணித்தது ஸ்கூல் பையை. பைக்குச் சொந்தக்காரி வாரத்தில் இரண்டு நாள் தோழிகளோடு ஷவர்மா கடையில் இருந்திருக்கிறாள்.

ஷவர்மாவைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் அப்பாவுக்கு இது முதல் வாரத்திலேயே தெரியும் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்பா எப்பேர்ப்பட்டவர் என்று சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். 1991 தீபாவளிக்குத் 'தளபதி' வந்தது. நானும் அப்போது ஒன்பதாம் வகுப்பு. மத்தியானத்துக்கு மேல் மட்டம் போட்டுவிட்டு மேட்னி போனேன். அந்தக் காலத்தில் லொக்கேஷன் கிடையாது, தெரு இருந்தது. டீக்கடைக்காரர், பால்காரர், எதிர்வீட்டு ஆச்சி என்று வழிநெடுக டவர். நான் வீடு திரும்புவதற்குள் செய்தி வந்து உட்கார்ந்து காபியும் குடித்துவிட்டுப் போயிருந்தது. போதாக்குறைக்கு, சைக்கிள் ஸ்டாண்டில் பிரேக் கம்பியில் செருகிவிட்ட பாதிச் சீட்டை எடுக்க மறந்திருந்தேன். அப்பா அதை மெல்ல உருவி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். "நூத்தி நாப்பத்திரெண்டு. ஏலே, இது கணக்குல நீ வாங்குன மார்க்கு இல்லியே?"

அதற்கு மேல் பெல்ட்தான் பேசியது. அதோடு நான் திருந்திவிட்டதாக நினைக்க வேண்டாம். சீட்டைக் கிழித்துப்போடக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். டீக்கடை இல்லாத தெருவாகப் பார்த்துச் சுற்றி வரவும்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இருந்த டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர், 1966-இல் பெற்றோரை மூன்று வகையாகப் பிரித்து எழுதினார். 'சொன்னதைச் செய்' என்கிறவர்கள், காரணம் சொல்லிக் கண்டிக்கிறவர்கள், கேட்டதையெல்லாம் கொடுக்கிறவர்கள். கண்டுகொள்ளாதவர்கள் என்று நாலாவது வகை ஒன்றை 1983-இல் மக்கபியும் மார்ட்டினும் சேர்த்தார்கள். இரண்டாவது வகைதான் வளர்கிற பிள்ளைக்கு நல்லது என்று படித்த நாளிலிருந்து நான் அந்தக் கட்சி. ஆகவே மகளை உட்காரவைத்து, ஷவர்மா ஏன் கூடாது என்று நாற்பது நிமிடம் காரணம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தாத்தா மாதிரி அடிச்சிருந்தா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிருக்கும்லப்பா" என்றாள்.

அந்தத் தாத்தாவோ, பேத்தி பிறந்த அன்றே முதல் வகையிலிருந்து மூன்றாவது வகைக்குக் கட்சி தாவிவிட்டார். பெல்ட் இப்போது வேட்டியைப் பிடித்துக்கொள்வதோடு சரி.

இவருக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? இரவு பத்தரைக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது கண்டுபிடித்தேன். பருவ வயதில் உடம்பின் கடிகாரம் பின்னால் போய்விடுகிறதாம். தூக்கத்துக்கு நேரமாச்சு என்று சொல்லும் மெலட்டோனின் தாமதமாகத்தான் சுரக்கிறது. (காலை ஐந்து மணிக்கு எழுப்பிப் படிக்கவைக்கும் என் மனைவியிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.) மகளுக்குத் தூக்கம் இன்னும் வரவில்லை, அப்பாவுக்கு வயசாகித் தூக்கம் போய்விட்டது. இருவரும் வராண்டாவில். நடுவில் ஒரு கிண்ணம் அவிச்ச கடலை. அவர் தோட்டை நசுக்கிப் பிதுக்கி, ஒரு பருப்பு அவளுக்கு, ஒரு பருப்பு தனக்கு என்று போட்டுக்கொண்டிருக்கிறார். அவள் பேசுகிறாள், பேசுகிறாள், பேசிக்கொண்டே இருக்கிறாள். அவர் ஒரு கேள்வி கேட்பதில்லை. எப்போதாவது ஒரு "ம்".

ஸ்வீடனில் ஸ்டாட்டின், கெர் என்ற இருவர் 14 வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் விசாரித்து, 2000-இல் எழுதியது இதைத்தான். பெற்றோருக்குப் பிள்ளைகளைப் பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி துப்பறிந்து பிடித்ததல்ல, பிள்ளைகளே வாய்விட்டுச் சொன்னது. அப்பா ஸ்வீடன் பக்கம் போனதில்லை. நாங்குநேரி தாண்டினாலே அவருக்குத் தலைசுற்றும்.

"மூணு மாசமாத் தெரிஞ்சும் எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று மறுநாள் அவரைப் பிடித்தேன்.

"நீ சினிமாவுக்குப் போனத எங்கிட்டச் சொன்னியாலே?"

"சொன்னா அடிப்பீங்கல்லா."

"ம்" என்றார்.

அன்று இரவு நானும் போய் வராண்டாவில் உட்கார்ந்தேன். கடலையை உரித்தேன். வாயைத் திறக்கவில்லை. அஞ்சாறு கடலை ஆனதும் மகள் தானாகவே ஆரம்பித்தாள்: "இன்னைக்கு மேக்ஸ் மிஸ் பேப்பர் குடுத்தாங்களா..."

"எத்தன மார்க்கு?" என்றேன்.

மடியில் கிடந்த தோட்டைத் தட்டிவிட்டு எழுந்தாள். "தூக்கம் வருது" என்று உள்ளே போய்விட்டாள்.

அப்பா கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"கடலைய மட்டும் உரிலே."