மூட்டை மதினி

தேவிகுளம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டுகளில், தொழிலாளர் வீட்டு வரிசையான எந்த லயத்துக்குள் நுழைந்தாலும் ஒரு மூட்டை மதினி இருப்பார். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான். கொழுந்து எடுப்பதில் கில்லாடி. ஆபீசில் மலையாளத்தில் பணிவாகப் பேசிவிட்டு வாசலுக்கு வந்து தமிழில் திட்டுவதில் அதைவிடக் கில்லாடி. வீட்டில் கால்மிதி உஷா தையல் மெஷின் ஒன்று. கட்டிலுக்கு அடியில் பழைய சேலையில் கட்டிய மூட்டைகள். உள்ளே என்ன என்று கேட்டால் "போர்வை" என்பார். பிரித்துப் பார்த்தால் போர்வைக்கு வேண்டியதெல்லாம் இருக்கும், போர்வை இருக்காது.

எங்கள் லயத்து மதினியைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். அவரை வைத்தே சொல்கிறேன்.

ஒட்டுப்போர்வை தைப்பது பெரிய மந்திரமில்லை. பழைய சேலை, ரவிக்கைத் துண்டு, பள்ளிக்கூடச் சட்டை எல்லாவற்றையும் சதுரம் சதுரமாக வெட்டிச் சேர்த்தால் மேல்துணி. அடியில் ஒரு முழுச் சேலை. நடுவில் கிழிந்த கம்பளி. மூன்றையும் சேர்த்து நெருக்கமாக நூலோட்டி, சுற்றிலும் ஓரம் அடித்துவிட்டால் தீர்ந்தது. அந்தக் கம்பளிக்குச் சட்ட அந்தஸ்தே இருந்தது. 1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 17ஆம் பிரிவு, தொழிலாளிக்கு மழைக்கும் குளிருக்கும் கொடுக்க வேண்டிய குடை, கம்பளி, மழைக்கோட்டு பற்றிப் பேசியது. அந்தக் கம்பளி நைந்த பிறகு எங்கே போக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மதினி சொல்லிவிட்டார்: கட்டிலுக்கு அடியில்.

வெட்டுவதென்றால் அவருக்கு உயிர். கத்தரியைக் கையில் எடுத்தால் முகத்தில் கல்யாணக்களை வந்துவிடும். நீலத்துக்குப் பக்கத்தில் மஞ்சளா, பச்சையா என்று தரையில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டு, யார் சொன்னதையும் கேளாமல் முடிவு செய்வார். மேல்துணி ஒரு வாரத்தில் தயார். கண்ணைப் பறிக்கும். நியாயமாகப் பார்த்தால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

மூன்று அடுக்கையும் சுருக்கம் விழாமல் விரிக்க ஆறடிக்கு ஏழடி தரை வேண்டும். லயத்து வீட்டில் ஓர் அறை, ஓர் அடுப்படி, ஒரு திண்ணை. போர்வையை விரித்தால் மதினியின் வீட்டுக்காரர், எங்களுக்கு அண்ணன், வெளியே நிற்க வேண்டும். அண்ணன் உள்ளே வந்தால் போர்வையைச் சுருட்ட வேண்டும். முற்றத்தில் விரிக்கலாமென்றால் ஜூனில் பிடிக்கிற மழை செப்டம்பர் வரை விடாது. மழை விட்டால் கொழுந்து பொங்கும். வீட்டுக்கு வருவதே இருட்டித்தான். டிசம்பர், ஜனவரியில் கொழுந்து குறையும், ஆனால் ஊசி பிடிக்க விரல் மடங்காது. கோடை மழையோடு மறுபடி கொழுந்து. அப்படியானால் போர்வை முடிக்கத் தோதான மாதம்தான் எது? மதினி விரல் விட்டு எண்ணிப் பார்த்துச் சொன்னார்: "மார்ச்சு, தம்பி."

மார்ச்சில் பேரப்பிள்ளைகளுக்குப் பரீட்சை.

மூட்டைகளில் மூத்தது அவருடைய அம்மா விட்டுப்போனது. அதில் வெளிறிய சிவப்புத் துண்டுகள் நிறைய. அதெல்லாம் 1958 இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்காகக் கட்டிய கொடித்துணி என்பது மதினியின் வாதம். கேரளாவின் முதல் சட்டசபைக்குத் தேவிகுளத்தில் ஜெயித்த அந்தம்மாவின் தேர்தலைக் கோர்ட்டு செல்லாது என்றுவிட, மறுபடி நின்று மறுபடி ஜெயித்தார். பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசன் மலையேறி வந்து பாடியது அந்தத் தேர்தலில்தான். கூட வந்த அவருடைய பொடித் தம்பிதான் பின்னாளில் இளையராஜா. இவ்வளவும் சரித்திரம். அந்தத் துண்டுதான் இந்தத் துண்டு என்பதற்குச் சாட்சி மதினி ஒருவரே. "இதுல ஊசி குத்த மனசு வரலையே" என்று நெஞ்சில் வைத்துக்கொள்வார். அவருடைய அம்மாவும் இதையே சொல்லித்தான் முடிக்காமல் போனார் என்று கேள்வி.

அவர் உயிராக நினைப்பது 2015 மூட்டை. அந்தச் செப்டம்பரில் போனஸைப் பாதியாகக் குறைத்தார்கள் என்று பெண்கள் மூணாறு டவுன் ரோட்டில் உட்கார்ந்தார்களே, பெம்பிளை ஒருமைப் போராட்டம், அதில் மதினியும் உட்கார்ந்தார். யூனியன் தலைவர்களை அண்டவிடவில்லை. கோஷம் போடாத நேரத்தில் சும்மா இருப்பானேன் என்று பையில் வைத்திருந்த துண்டுகளைச் சேர்க்க ஆரம்பித்தார். பக்கத்தில் உட்கார்ந்தவர்களும் ஆளுக்கொரு ரவிக்கைத் துண்டு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒன்பதாவது நாள் கேட்டது கிடைத்தது: 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை, மொத்தம் 20. அதுவும் ஒட்டுத்தான். ஆனால் அதை ஒட்டியவர்கள் ஓரம் அடித்து முடித்தார்கள். மதினியின் போர்வை இன்னும் குண்டூசியில் நிற்கிறது. "அவங்க ஒன்பது நாளைக்கே ஒத்துக்கிடுவாங்கன்னு யாரு கண்டா? இன்னும் ரெண்டு நாள் இழுத்திருந்தா முடிச்சிருப்பேன்."

திருப்பூர் மூட்டை வேறு ரகம். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் அனுப்புகிற வெட்டுத்துணி அது. பார்க்கப் பளபளப்பு, பனியன் துணி என்பதால் இழுத்த இழுப்புக்கு வரும். அதைச் சேலைத்துணியோடு சேர்த்துத் தைத்தால் தைக்கும்போது இழுபடும், முதல் துவையலில் சுருங்கும். போர்வை பப்படம்போல் பொங்கி நிற்கும். நடுவில் கம்பளி வேறு. 16ஆம் நம்பர் ஊசி இரண்டு முறிந்ததும் மூட்டை கட்டிலுக்கு அடியில் போனது. மகனிடம் "தைச்சுக்கிட்டே இருக்கேன்யா" என்கிறார். அவனும் அனுப்பிக்கொண்டே இருக்கிறான்.

மூணாறில் சிருஷ்டி என்ற அமைப்பில் தோட்டத் தொழிலாளர்களின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். அங்கே அரண்யா என்கிற பிரிவில் யூகலிப்டஸ் இலை, தேயிலைக் கழிவு இவற்றிலிருந்து சாயம் எடுத்துத் துணி போடுகிறார்கள். அற்புதமான வேலை, எடுத்தது எதையும் முடிக்கிற கூட்டம். மதினியை அங்கே கூட்டிக்கொண்டு போனால் புத்தி வரும் என்று அண்ணன் நினைத்தார். மதினி ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார், விலையைக் கேட்டார், வீட்டுக்கு வந்ததும் ஒரு டப்பா தேயிலைத்தூளைக் கொதிக்க வைத்துப் பழைய வேட்டிகளை முக்கினார். அந்த மாதம் வீட்டில் கட்டன் சாயாவுக்குத் தட்டுப்பாடு. மூட்டையும் ஒன்று கூடிற்று.

கொச்சியில் படிக்கிற மகள்வயிற்றுப் பேத்தி ஒருமுறை ஃபோனில் படம் காட்டினாள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களின் சந்ததி. அந்த ஊர்ப் பெண்கள் நைந்துபோன வேலை உடுப்புகளை வெட்டித் தைத்த போர்வைகளை 2002இல் நியூயார்க் மியூசியத்திலேயே மாட்டினார்கள், 2006இல் தபால்தலையாகவும் போட்டார்கள் என்றெல்லாம் பேத்தி விளக்கினாள். மதினி படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார்.

"ஏட்டி, எல்லாம் ஓரம் அடிச்சதா?"

"ஆமா ஆச்சி."

"ம்" என்று ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சோம்பல் என்று சொல்ல வழியில்லை. இருபது கிலோ கொழுந்து எடுத்துவிட்டு வந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, ஆட்டுக்குப் புல் போடுகிற மனுஷி. ஒருநாள் நேரடியாகவே கேட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து பேசினார். "முடிச்சா என்னாவும் தெரியுமா? மூத்தவ வருவா, 'நல்லாருக்கேம்மா'ம்பா. போச்சு. கொழுந்தியா வருவா, பிள்ளைக்குக் குளிருதும்பா. போச்சு. இதுவரைக்கும் முடிச்சது எதாச்சும் இந்த வீட்டுல இருக்கா, பாரு. பாதியில நிக்கிறத எவளும் கேக்கமாட்டா."

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அண்ணன் போர்த்தியிருந்தது கடையில் வாங்கிய சோலாப்பூர் போர்வை.

அண்ணன் மட்டும் விடவில்லை. புது வருஷத்தன்று யூனியன் காலண்டரின் பின்பக்கத்தில் மூட்டைகளுக்கு வரிசை எண் போட்டு எழுதி ஆணியில் மாட்டினார். புதிதாக ஒரு துண்டுகூட வெட்டுவதில்லை என்று மதினியும் சத்தியம் செய்தார். வெட்டவும் இல்லை. துண்டுகளை நிறவாரியாகப் பிரித்து அடுக்குவதில் பொங்கல் வந்துவிட்டது. பொங்கலுக்குச் சங்கரன்கோவிலிலிருந்து சம்பந்தியம்மாவும் வந்துவிட்டார்.

ஜனவரியில் செண்டுவாரை, லெட்சுமி எஸ்டேட் பக்கமெல்லாம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்த சம்பந்தியம்மாவுக்கு ராத்திரி எட்டு மணிக்கே பல் தந்தியடித்தது. வீட்டில் இருந்த ஒரே முழுப்போர்வை அண்ணனுடையது. அதைச் சம்பந்திக்குக் கொடுப்பது மரியாதையில்லை. வேறு வழியில்லாமல் 2015 மூட்டை பிரிந்தது. நடுச்சாமத்தில் லயமே எழுந்து உட்காரும்படி ஒரு சத்தம். சம்பந்தியம்மா புரண்டு படுத்திருக்கிறார். குண்டூசிகள் கடமையைச் செய்திருக்கின்றன.

சம்பந்தியம்மா கையைச் சும்மா வைத்துக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை. மறுநாள் காலையில் மதினி கொழுந்துக்குப் போன பிறகு நூல்டப்பாவைத் தேடி எடுத்தார். திண்ணை வெயிலில் உட்கார்ந்து, ஒவ்வோர் ஊசியாக உருவி, நூலோட்ட ஆரம்பித்தார். பொடிப்பொடியாக, எண்ணி வைத்த மாதிரித் தையல். தன்னுடைய சுங்குடிச் சேலை ஒன்றைக் கிழித்து நாலு பக்கமும் ஓரம் அடித்தார். மதினிக்குத் தடுக்கவும் முடியவில்லை, சம்பந்தியாயிற்றே. நாலாம் நாள் போர்வை முடிந்தது. ஐந்தாம் நாள் அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "உங்க ஞாபகமா நான் வச்சுக்கிடுதேன் மதினி" என்று பூப்பாறை, போடிமெட்டு வழியாகக் கீழே இறங்கிவிட்டார்.

அண்ணன் ஆணியிலிருந்து காலண்டரை எடுத்து ஒரு வரியை அடித்தார். "பாத்தியா, லிஸ்ட்டுல ஒண்ணு கொறஞ்சிருச்சு." அன்றைக்கு அவருக்குச் சோறு கிடைக்கவில்லை.

போன வாரம் சம்பந்தியம்மாவிடமிருந்து ஃபோன். வருகிற பொங்கலுக்கு இன்னும் பத்து நாள் கூடுதலாக இருக்கப்போகிறாராம். பழைய சிவப்புத்துணி மூட்டை அப்படியே இருக்கிறதா என்று விசாரித்தாராம். மதினி நூல்டப்பாவையும் ஊசிகளையும் எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். கத்தரி மட்டும் அவரிடமே இருக்கிறது.