கேள்வி – பதில்: கம்யூனிட்டி காலேஜில் கணக்கு

பேரன் கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து கணக்கு படிக்கப்போகிறானாம். அது நம்மூர் பாலிடெக்னிக் மாதிரியா?
– ஒரு தாத்தா, தஞ்சாவூர்

பாதி சரி. வெல்டிங், நர்சிங் போன்ற தொழிற்படிப்புகள் அங்கே உண்டு. கூடவே, இளங்கலைப் பட்டத்தின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களும் உண்டு. இங்கே டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்கிறாரே, அதுபோல அங்கே இரண்டு ஆண்டு முடித்தவர் பல்கலைக்கழகத்துக்கு மாறி மூன்றாம் ஆண்டில் உட்காரலாம். 1901-ல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் இந்த ஏற்பாடு தொடங்கியது. இன்று கலிஃபோர்னியாவில் மட்டும் 116 கல்லூரிகள். பேரனை ஆசீர்வதித்து அனுப்புங்கள்.

என்னென்ன கணக்குப் பாடங்கள் இருக்கும்?
– பொறியியல் கனவுள்ள மாணவர், ஃப்ரீமாண்ட்

உங்கள் வழி இது: ப்ரீகால்குலஸ், பிறகு வகையீடும் தொகையீடும் முடிவிலித் தொடர்களும் வரும் கால்குலஸ் முதல் இரண்டு பகுதிகள், பல மாறிகளைக் கையாளும் மூன்றாம் பகுதி, அப்புறம் லீனியர் அல்ஜீப்ரா, வகைக்கெழுச் சமன்பாடுகள். கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் போகிறவர்களுக்கு டிஸ்க்ரீட் மேத்ஸும் வேண்டியிருக்கும். நர்சிங், உளவியல் மாணவர்களுக்குப் பெரும்பாலும் புள்ளியியல் போதும். ரியல் அனாலிசிஸ், அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா எல்லாம் மூன்றாம் ஆண்டுச் சரக்கு. அவற்றைப் பல்கலைக்கழகத்தில்தான் படிக்க வேண்டும்.

செலவு?
– குடும்பத் தலைவர், சான் ஹோசே

கலிஃபோர்னியாவாசி என்றால் யூனிட்டுக்கு 46 டாலர். ஐந்து யூனிட் கால்குலஸுக்கு 230 டாலர். வெளிமாநிலத்தார், வெளிநாட்டு மாணவர் என்றால் பல மடங்கு. நீங்கள் எந்தக் கணக்கில் வருவீர்கள் என்பது விசாவையும் அங்கே குடியிருந்த காலத்தையும் பொறுத்தது. அட்மிஷன்ஸ் அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். புத்தகத்துக்குத் தனியாகப் பணம் எடுத்துவைக்கும் முன் ஆசிரியர் எதைப் பயன்படுத்துகிறார் என்று பாருங்கள். எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்ட்ராங்கும் சேர்ந்து எழுதிய ஓப்பன்ஸ்டாக்ஸ் கால்குலஸ் புத்தகம் இணையத்தில் இலவசம்.

சம்மரில் ஆறே வாரத்தில் கால்குலஸை முடித்துவிடலாமாமே?
– அவசரக்காரர், சேக்ரமெண்டோ

முடிக்கலாம், அது உங்களை முடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு யூனிட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு, இரண்டு மணி நேரம் வீட்டுப் படிப்பு என்பது வழக்கமான கணக்கு. ஐந்து யூனிட்டுக்கு வாரம் 15 மணி. 16 வாரத்துக்கு 240 மணி. அதை ஆறால் வகுத்தால் வாரம் 40 மணி! முழுநேர வேலைக்குச் சமம். வேறு வேலை இல்லாதவர் தாராளமாகச் சேரலாம்.

யார் வேண்டுமானாலும் சேரலாம் என்றால் பாடமும் தரம் குறைவாகத்தானே இருக்கும்?
– கவலைப்படும் அப்பா, கூப்பர்டினோ

கதவு அகலம் என்பதால் பாடம் குட்டையாகிவிடாது. கால்குலஸ் இரண்டாம் பகுதியில் வருகிற ஒரு கணக்கைப் பாருங்கள். 1 + 1/2 + 1/3 + 1/4 என்று கூட்டிக்கொண்டே போகிறோம். கூட்டப்படும் எண் சிறுத்துக்கொண்டே போகிறது. ஆகவே மொத்தமும் ஓரிடத்தில் நின்றுவிடும் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். இப்போது குழு பிரியுங்கள். 1/3-ம் 1/4-ம் சேர்ந்தால் அரையைத் தாண்டும். 1/5 முதல் 1/8 வரை நான்கும் சேர்ந்தால் மறுபடி அரையைத் தாண்டும். அடுத்த எட்டும் அப்படியே. அரை அரையாகச் சேர்ந்துகொண்டே போனால் மொத்தத்துக்கு எல்லை ஏது? 14-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் நிக்கோல் ஒரெம் காட்டிய வழி இது. அதே பின்னங்களை வர்க்கமாக்கிக் கூட்டிப்பாருங்கள், மொத்தம் 2-ஐக்கூடத் தொடாது. முதல் தொடர் ஏன் நிற்கவில்லை, இரண்டாவது ஏன் நின்றுவிடுகிறது என்று பிரித்தறிவதுதான் பாடம். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்தாலும் இதே தொடர், இதே முடிவு.

பி.எஸ்சி. முடித்து இருபது வருடம் ஆயிற்று. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். பிளேஸ்மென்ட் டெஸ்டை நினைத்தாலே பயம்.
– இல்லத்தரசி, சான் ரமோன்

பயத்தை விடுங்கள், அம்மா. முன்பெல்லாம் அந்தத் தேர்வில் சறுக்கியவர்களைக் பல்கலைக்கழகக் கணக்கில் சேராத அடிப்படை வகுப்புகளில் போட்டுவிடுவார்கள். அங்கிருந்து மேலே வரமுடியாமல் படிப்பையே விட்டவர்கள் ஏராளம். 2017-ல் கலிஃபோர்னியா கொண்டுவந்த சட்டம் அதை மாற்றியது. இப்போது பள்ளி மதிப்பெண்ணை வைத்து நேரடியாகப் பல்கலைக்கழகம் ஏற்கும் பாடத்தில் சேர்க்கிறார்கள். தேவைப்பட்டால் கூடவே ஒரு துணை வகுப்பு. இது நியாயமான மாற்றம் என்பதே என் கருத்து. ஆனால் உங்களைப் போல நீண்ட இடைவெளிக்குப் பின் வருபவர்களுக்கு, நிதானமாகத் தொடங்க முன்பிருந்த அல்ஜீப்ரா வகுப்புகள் பல இடங்களில் குறைந்துவிட்டன என்பதும் உண்மை. அதனால் சேருவதற்கு இரண்டு மாதம் முன்பே பின்னம், அடுக்கு, காரணிப்படுத்தல் மூன்றையும் கையால் எழுதிப் பழகுங்கள். கால்குலஸில் தடுக்கி விழுபவர்களில் பலர் கால்குலஸில் விழுவதில்லை. உள்ளே வரும் அல்ஜீப்ராவில்தான் விழுகிறார்கள்.

ஒருவரைச் சொல்கிறேன். பொலிவியாவில் ஆசிரியராக இருந்த ஹைமே எஸ்கலாண்டே, அமெரிக்கா வந்ததும் ஆங்கிலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. உணவகத்தில் தரை துடைத்துக்கொண்டே பாசடீனா சிட்டி காலேஜில் படித்தார். பிறகு அங்கேயும் ஆசிரியராகி, 1982-ல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் ஏழை மாணவர்கள் 18 பேரை ஏ.பி. கால்குலஸ் என்ற கல்லூரி மட்டத் தேர்வில் தேற வைத்தார். தேர்வு நடத்தியவர்கள் சந்தேகப்பட்டு 14 பேரின் மதிப்பெண்ணைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். மறுபடி எழுதிய 12 பேரும் தேறினார்கள். மறுபடி ஆரம்பிப்பதில் குறைச்சல் எதுவும் இல்லை.

என் மகள் பத்தாவது படிக்கிறாள். இப்போதே அங்கே கால்குலஸ் எடுக்கலாமா?
– ஒரு அம்மா, இர்வைன்

பள்ளி சம்மதித்தால் எடுக்கலாம். கட்டணமும் பெரும்பாலும் இராது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அங்கே வாங்கும் கிரேடு அவளுடைய கல்லூரிப் பதிவில் நிரந்தரமாக நிற்கும். அவள் ஆசைப்பட்டால் சேருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை சேர்ந்தான் என்பதற்காக வேண்டாம்.

பாதியில் விட்டுவிட்டால்?
– தயங்குபவர், ஃப்ரெஸ்னோ

விலகுவதற்கான கடைசித் தேதிக்குள் முறைப்படி விலகினால் பதிவில் ‘டபிள்யூ’ விழும், சராசரியைத் தொடாது. சொல்லாமல் நின்றுவிட்டால் ‘எஃப்’ விழும், சராசரியைக் கவிழ்க்கும். முதல் நாளே அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

இங்கே படித்த பாடத்தைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும் என்று எப்படி நம்புவது?
– மாணவி, ஓக்லாண்ட்

நம்ப வேண்டாம், பார்த்துவிடுங்கள். ‘அசிஸ்ட்’ என்ற இணையதளத்தில் உங்கள் கல்லூரியையும் போக விரும்பும் கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகத்தையும் தேர்ந்தெடுத்தால், எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று வரிசையாக இருக்கும். சேருவதற்கு முன் பார்ப்பவருக்கு ஒரு செமஸ்டர் மிச்சம்.

ஆசிரியர்கள் எப்படி இருப்பார்கள்?
– சந்தேகி, சான் டியேகோ

பெரும்பாலும் கணிதத்தில் முதுகலை முடித்தவர்கள். பெரிய பல்கலைக்கழகத்தில் முதல் கால்குலஸ் வகுப்பில் நூற்றுக்கணக்கானோர் இருப்பார்கள். ஆசிரியருக்கு ஆராய்ச்சியும் உண்டு. கம்யூனிட்டி காலேஜில் வகுப்பும் சிறியது, ஆசிரியரின் முதல் வேலையே சொல்லிக்கொடுப்பதுதான். அவர்களுக்கு ‘ஆபீஸ் ஹவர்ஸ்’ உண்டு. உங்கள் சந்தேகத்தைத் தீர்ப்பதற்கென்றே ஒதுக்கிய நேரம் அது. நம் பிள்ளைகளில் பலர் ஆசிரியரிடம் கேட்கத் தயங்கியே அதை வீணாக்குகிறார்கள். போட்டுப் பார்த்து நின்றுபோன கணக்கைக் கையோடு எடுத்துக்கொண்டு முதல் வாரமே போய்விடுங்கள். எந்த வரியில் நின்றது என்று நீங்கள் காட்டிவிட்டால், மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.